இரண்டு குட்டிகளால் வந்த சங்கம்

மழை நாளில் பிள்ளை ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் என்ன சொல்வோம்? "ஐயே, முதல்ல அதை வெளியே விட்டுட்டு வா!" என்றுதானே!

1959-ல் சென்னையில் நல்ல மழை. தியாகராய நகரில் தெருவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்கு எடுத்து வந்தார். மனைவி உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவர்தான். குட்டிகளுக்கு வீட்டில் இடம் கிடைத்தது. புளூ கிராஸ் சங்கம் பிறந்தது அந்த வீட்டில்தான்.

அந்த நாளில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே மாநகராட்சியின் வழக்கம். ஆண்டாண்டாகக் கொன்றும் நாய்கள் குறைந்தபாடில்லை. ஒரு தெரு காலியானால் அடுத்த தெரு நாய் வந்துவிடும். மிஞ்சியது குட்டி போடும். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாமே என்று சங்கத்தார் 1964-ல் சொன்னார்கள். நகரம் முழுவதற்கும் மாநகராட்சி அதை ஏற்றது 1996-ல். முப்பத்திரண்டு வருஷம்! 2001-ல் மத்திய அரசே அதை விதியாக்கியது.

சரி, உங்கள் பிள்ளையும் குட்டியைத் தூக்கி வரலாம். திட்டாதீர்கள், கடித்ததா, பிறாண்டியதா என்று மட்டும் கேளுங்கள். அடிக்குப் பயந்து மறைக்கும் குழந்தைகள் உண்டு. கடித்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி என்பதெல்லாம் பழைய கதை. இப்போது தடுப்பூசி கையிலோ தொடையிலோதான். ஒரு தவணையைக்கூட விட்டுவிடாதீர்கள்.