பழைய பிக்கப் வண்டிகளில் ஸ்டீயரிங் ஆட்டம்

ஸ்டீயரிங் ஆட்டம் என்பது வாகனத்தின் ஸ்டீயரிங் வளையத்தைத் திருப்பியும் முன் சக்கரங்கள் திரும்பாமல் இருக்கும் வெற்று அசைவாகும். பட்டறைகளில் இதை 'பிளே' என்பர். எல்லா வாகனத்திலும் சிறிதளவு பிளே இருக்கும். பல ஆண்டுகள் சுமை இழுத்த பிக்கப், குட்டியானை போன்ற வண்டிகளில் இணைப்புகள் தேய்வதால் அது அதிகரிக்கிறது. ஆட்டம் எந்தப் பகுதியில் தோன்றுகிறது என்று கண்டறிந்த பின்னரே பழுது நீக்க வேண்டும்.

காவிரிப் படுகையில் இதன் முக்கியத்துவம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நெல் மூட்டை, உரம், விதை, வைக்கோல் முதலியவற்றை ஏற்றிச்செல்ல இத்தகைய வண்டிகள் பெரிதும் பயன்படுகின்றன. குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் களத்திலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு இவை ஒரே நாளில் பலமுறை சென்று வருவதுண்டு. கொள்முதல் நிலைய மூட்டையின் எடை 40 கிலோ. ஆகவே 1 டன் தாங்கும் வண்டியில் 25 மூட்டை ஏற்றினாலே அதன் வரம்பு எட்டப்படும். அதற்கு மேல் ஏற்றும்போது முன் அச்சு, கிங் பின், ஸ்பிரிங் ஆகியவற்றின் மீது கூடுதல் அழுத்தம் விழுகிறது.

வயல் சேறும் வாய்க்கால் நீரும் மற்றொரு காரணம். பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்தால் வண்டல் உள்ளே புகுந்து கிரீஸுடன் கலக்கிறது. இக்கலவை உப்புத்தாள் போல உராய்ந்து, உலோகக் குமிழை விரைவில் தேய்த்துவிடும்.

இப்பகுதியின் சாலைகள் பல ஆற்றுக் கரைகளையும் வாய்க்கால் கரைகளையும் ஒட்டிச் செல்பவை. பல இடங்களில் ஓரத் தடுப்பு கிடையாது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் நகரும். எதிரே வரும் பேருந்துக்கு வழிவிடும்போது ஸ்டீயரிங் அரை வினாடி தாமதமாகச் செயல்பட்டால், அதற்குள் வண்டி 5 மீட்டருக்கு மேல் சென்றிருக்கும்.

சட்ட வரம்பு

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 98-ஆவது விதிப்படி ஸ்டீயரிங் வளையத்தில் வெற்று அசைவு 30 பாகையைத் தாண்டக் கூடாது. பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் உறை இருக்க வேண்டும் என்றும், இணைக்கும் போல்ட்டுகளும் பின்களும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. 40 செ.மீ. விட்டமுள்ள வளையத்தில் 30 பாகை என்பது விளிம்பில் சுமார் 10 செ.மீ. ஆகும். இது சட்டம் பொறுக்கும் உச்ச வரம்பு மட்டுமே. நல்ல நிலையிலுள்ள வண்டியில் அசைவு இதைவிட மிகக் குறைவாக இருக்கும். அந்தந்த வண்டிக்குரிய அளவு அதன் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.

சிறு தேய்மானம், பெரிய ஆட்டம்

பழைய சுமை வண்டிகள் பலவற்றில் ஸ்டீயரிங் தண்டு ஸ்டீயரிங் பாக்ஸில் முடிகிறது. அதிலிருந்து டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு வழியாக அசைவு சக்கரங்களை அடைகிறது. பாக்ஸின் பல்விகிதம் 20:1 எனில், வளையம் 20 பாகை திரும்பும்போது சக்கரம் 1 பாகை திரும்பும்.

இதனால் கீழே ஏற்படும் தேய்மானம் மேலே பன்மடங்காகத் தெரிகிறது. 15 செ.மீ. நீளமுள்ள ஸ்டீயரிங் ஆர்மின் முனையில் 2.6 மி.மீ. தளர்வு இருந்தால் சக்கரம் 1 பாகை விடுபடும். ஓட்டுநரின் கையில் அது 20 பாகை ஆட்டமாக உணரப்படும். இரண்டு மூன்று மூட்டுகளில் ஒவ்வொரு மில்லிமீட்டர் தேய்ந்தாலும் மொத்த விளைவு இதே அளவுக்கு வந்துவிடும்.

கண்டறியும் முறை

முதலில் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுப்பதும், குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவதும் வேறு காரணங்களாலும் வரலாம். அவற்றை ஆட்டத்துடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்த சோதனைக்கு இருவர் தேவை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சக்கரங்கள் தரையிலேயே இருக்க வேண்டும். ஒருவர் வளையத்தை இடமும் வலமுமாகச் சிறிதளவு ஆட்ட, மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணைப்பையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஒரு மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால் அம்மூட்டு தேய்ந்துள்ளது. பார்க்க வேண்டிய வரிசை:

1. ஸ்டீயரிங் தண்டின் யூ ஜாயிண்ட், கப்ளிங்
2. ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் பொருத்தப்பட்ட போல்ட்டுகள், அவ்விடத்தில் விரிசல்
3. பாக்ஸின் உள்ளே செல்லும் தண்டுக்கும் டிராப் ஆர்முக்கும் இடையிலான தாமதம்
4. டிராக் லிங்க், டை ராடு எண்டுகள்
5. ஸ்பிரிங் புஷ், யூ போல்ட்டுகள்

பின்னர் முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகு, சக்கரத்தின் மேல்பகுதியையும் கீழ்பகுதியையும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். அசைவு இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்ட வேண்டும். அசைவு மறைந்தால் வீல் பேரிங் தளர்ந்துள்ளது எனலாம். மறையாவிட்டால் கிங் பின், அல்லது தனித்தொங்கல் அமைப்புள்ள வண்டியில் பால் ஜாயிண்ட், தேய்ந்திருக்கும். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு எண்டைச் சந்தேகிக்க வேண்டும்.

பழுது நீக்குதல்

தேய்ந்த டை ராடு எண்டைப் புதிதாக மாற்றுவதே முறை. கழற்றும் முன் மரை எத்தனை சுற்றுகள் உள்ளே உள்ளது என்று எண்ணிக்கொண்டால், புதியதை ஏறக்குறைய அதே நிலையில் பொருத்தலாம். நட்டை முறுக்கிய பின் கோட்டர் பின் துளை நேராக வராவிட்டால், நட்டைத் தளர்த்தாமல் இன்னும் சற்று முறுக்கியே துளையை நேராக்க வேண்டும். கோட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதியதாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் அவசியம். இல்லையேல் டயரின் ஓரம் வேகமாகத் தேயும்.

கிங் பின் தேய்ந்திருந்தால் பின்னுடன் புஷ்ஷையும் மாற்றி, புஷ்ஷைப் பின்னின் அளவுக்கு ரீமர் போட வேண்டும். மேல்-கீழ் இடைவெளி ஷிம் மூலம் சரிசெய்யப்படுகிறது.

ஸ்டீயரிங் பாக்ஸின் மேலுள்ள சரிசெய்யும் திருகை கடைசியாகவே தொட வேண்டும். மற்ற மூட்டுகளைப் பார்க்காமல் முதலில் அதை முறுக்குவது பரவலான தவறாகும். அதனால் ஆட்டம் சற்றுக் குறைந்ததுபோல் தோன்றும். தேய்ந்த டை ராடு எண்ட் அப்படியே இருக்கும். சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில் திருகை எட்டில் ஒரு சுற்று அளவில் திருப்பி, ஒவ்வொரு முறையும் வளையத்தை முழுமையாக இருபுறமும் சுற்றிப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் வளைவுக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேராகாது. பற்களும் விரைவில் கெடும்.

டிராக் லிங்க், டிராப் ஆர்ம் போன்றவற்றைச் சூடாக்கி நிமிர்த்துவதோ, வெல்டிங் வைப்பதோ கூடாது. வெப்பத்தால் உலோகத்தின் உறுதி மாறி, பின்னர் சுமையோடு செல்லும்போது திடீரென முறியக்கூடும்.

வண்டியை இயக்கக் கூடாத நிலைகள்

கோட்டர் பின் அல்லது நட்டு இல்லாமை, பால் ஜாயிண்ட் குமிழ் கிண்ணத்திலிருந்து வெளிவரும் நிலை, பாக்ஸ் பொருத்திய இடத்தில் சேஸிஸ் விரிசல், ஸ்டீயரிங் இடையில் இறுகுதல் ஆகியவை காணப்பட்டால் வண்டியைப் பட்டறைக்குக்கூட ஓட்டிச் செல்லக் கூடாது. மெக்கானிக்கை வரவழைக்கவோ, வேறு வாகனத்தில் ஏற்றி அனுப்பவோ வேண்டும்.

பராமரிப்பு

கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டுகளுக்குக் கையேட்டில் கூறிய இடைவெளியிலும், வண்டி நீரிலோ சேற்றிலோ இறங்கிய பிறகும் கிரீஸ் அடிக்க வேண்டும். கிங் பின்னில் பழைய கிரீஸ் வெளியே தள்ளப்படும்வரை அடிப்பது நல்லது. கிழிந்த ரப்பர் உறையை உடனே மாற்றினால் மூட்டின் ஆயுள் நீடிக்கும். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனங்களுக்குத் தகுதிச் சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அதற்காக மட்டும் காத்திராமல், ஒவ்வோர் அறுவடைப் பருவம் தொடங்கும் முன்பும் மேற்கண்ட சோதனையைச் செய்துகொள்வது பாதுகாப்பானது.