இருமநிலைச் செயற்குறிகளும் வெண்டளை அறிதலும்

அனகாபுத்தூர்த் தறிகளில் பாவு நூல் உயர்தல், தாழ்தல் என்னும் இரு நிலைகளே நெசவின் அமைப்பை ஆக்குகின்றன. யாப்பிலும் அசை நேர், நிரை என இருவகையே. நேரை 0, நிரையை 1 எனக் கொண்டால் தேமா 00, புளிமா 10, கூவிளம் 01, கருவிளம் 11 என அமையும்.

சி, பைத்தான் முதலிய நிரல்மொழிகளில், நின்ற சீரின் ஈற்றசையை '& 1' என்பதும், வரும் ஈரசைச்சீரின் முதலசையை '>> 1' என்பதும் (மூவசையாயின் '>> 2') பிரித்துத் தரும். இவ்விரண்டையும் '^' குறியால் ஒப்பிடின், வேறுபட்டால் 1, ஒன்றினால் 0 விடையாகும். மாமுன் நிரையும் விளமுன் நேரும் வரும் இயற்சீர் வெண்டளைக்கு விடை 1. ஆசிரியத்தளை இரண்டிற்கும் 0.

நின்ற சீர் காய்ச்சீராயின் முடிவு தலைகீழாகும். காய்முன் நேர் வரும் வெண்சீர் வெண்டளைக்கு விடை 0. காய்முன் நிரை வரும் கலித்தளைக்கு 1. எனவே '^' ஒன்றையே நம்பும் நிரல், பிழையற்ற வெண்பாவைத் தளைதட்டியதாகக் காட்டும். கலித்தளை விரவியதை ஏற்கும். மேலும் தேமா 00, தேமாங்காய் 000 ஆகிய இரண்டும் கணினிக்குச் சுழியமே. ஆதலின் அசையெண்ணிக்கையைத் தனியே சேமித்து, அதனைச் சோதித்த பின்னரே ஒப்பிடுதல் வேண்டும். நிரலின் தீர்ப்பைப் பாடத்தேர்வுக்குச் சான்றாகக் கொள்வோர் இவ்வரம்பை முதலில் உறுதிசெய்தல் இன்றியமையாதது.