தண்ணீர் எங்கே போகிறது?

போன வாரம்தான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள். இன்று பார்த்தால் மறுபடியும் குறைந்திருக்கிறது. கார் நின்ற இடத்திலோ ஒரு சொட்டு ஈரமில்லை. "வெயிலில் வற்றியிருக்கும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். நம்பாதீர்கள். மூடி நன்றாக இருந்தால் வாரந்தோறும் வற்றாது.

சுங்கை வேயிலிருந்து கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகும்போது இயந்திரம் சூடேறி, உள்ளே அழுத்தம் கூடுகிறது. அப்போதுதான் நுண்ணிய வெடிப்பில் நீர் கசியும். கசிந்த நீர் சூடான இரும்பில் பட்டு அங்கேயே ஆவியாகிவிடும். பிறகு தரையில் எப்படி ஈரம் தெரியும்? (ஏர்கோன் போட்ட கார் சொட்டும் தெளிந்த நீர் வேறு, அதற்குப் பயப்படாதீர்கள்.)

ஆகவே காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது டார்ச் விளக்குடன் பாருங்கள். ரப்பர் குழாய்களின் பூட்டுகளிலும் தண்ணீர் பம்பின் அடியிலும் காய்ந்த வெள்ளைக் கறையோ துருக்கறையோ இருந்தால், கள்ளன் அங்கேதான். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். மிகக் குறைந்த செலவில் தீரும் காரியம் இது. ஆனால் சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தால்தான் நீர் 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்தால் முகத்தில் பாயும்.

வெளியே கறையே இல்லையென்றால்தான் கவலை. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவை இன்றும் பிள்ளைபோல் வைத்திருப்பவர்கள் உண்டு. அதன் இயந்திரத்தின் உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் பழுதானால் நீர் உள்ளேயே எரிந்துபோகும். இயந்திரம் நன்றாகச் சூடான பிறகும் புகைக்குழாயில் வெண்புகை நிற்கவில்லையா? எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கோப்பி நிறமா? ஓட்டாதீர்கள். மழைக்காலக் காலையில் சற்று நேரம் வரும் புகையை வைத்து மட்டும் முடிவு கட்டவும் வேண்டாம்.

சூட்டுமானியையும் முழுதாக நம்ப முடியாது. நீர் அடியோடு குறைந்தால் அதன் உணர்கருவி நீரில் நனையாமல் இருக்கும். முள் கீழேயே நிற்க, இயந்திரம் வெந்துகொண்டிருக்கும்.

அடைப்புத் தூள் வாங்கிக் கொட்டுவது எனக்குப் பிடிக்காத வைத்தியம். ஓட்டையோடு ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அது அடைத்துவிடலாம். பட்டறைக்குப் போனால், இயந்திரத்தைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் கைப்பம்பு வைத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். முள் இறங்குகிறதா என்று நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.