மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் ஒழுக்கு: இடம் அறியும் முறை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மானாவாரிக் காடுகளுக்கு விதையும் உரமும் கொண்டு செல்லக் குடியானவர்களுக்கு மோட்டார் சைக்கிள் பெரிதும் உதவுகின்றது. 2020-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் அமுலுக்கு வந்தபின், புதிய வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலைப் பீச்சும் கருவியே பொருத்தப்படுகின்றது. அதற்கு முன் வீரசோழன் முதலிய ஊர்களில் வாங்கப்பெற்ற வண்டிகளில் மிகுதியானவை கார்புரேட்டர் உள்ளவை. அதனைச் சுற்றிப் பெட்ரோல் ஒழுகுமாயின் அசட்டை செய்யலாகாது.

கால் மணி நேரத்தில் 10 மில்லி சொட்டினால், ஒரு நாளில் ஏறக்குறைய 1 லிட்டர் வீணாகும். நஷ்டத்தினும் பெரிது அபாயம். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு படிந்து பரவும். வைக்கோற்போர், பருத்தி அம்பாரம், அடுப்பு இவற்றின் அருகே அவ்வண்டி நிற்குமாயின் ஒரு பொறியே போதும்.

ஈரம் கண்ட இடமே பழுதுள்ள இடம் என்று கொள்ளுதல் தவறு. மேலே கசிவது வழிந்து கீழே சொட்டும். ஆகையால் உறுப்புகளை மாற்றுமுன் சோதித்தல் வேண்டும். இஞ்சின் ஆறியபின், நெருப்பும் புகையும் இல்லாத வெட்டவெளியில், வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்துக. பெட்ரோல் டேப்பை மூடி, யாவற்றையும் துணியால் உலரத் துடைத்துச் சிறிது நேரம் பார்த்திருக்க வேண்டும்.

டேப் மூடியிருக்கையிலேயே அதன் தலைப்பு நனையுமாயின், டேங்குடன் அது சேருமிடத்து வாஷர் கெட்டது. திறந்தபின் ரப்பர்க் குழாயில் ஈரம் கண்டால் குழாய் வெடித்தது. 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது; பழைய வண்டிகளின் ரப்பர் உறுப்புகள் சில அதனால் விரைவில் கெடக்கூடும். கார்புரேட்டரின் அடிக்கிண்ண விளிம்பு நனைந்தால் கேஸ்கட்டையும், அடியில் சொட்டினால் வடிதிருகையும் கவனிக்க.

வழிவுக்குழாயில் ஒழுகினால் குற்றம் கிண்ணத்தின் உள்ளே உள்ளது. பெட்ரோல் உயருகையில் மிதவை எழும்பி, ஊசி வால்வைத் தள்ளி வழியை அடைக்கும். கண்மாய் மடையில் கல் சிக்கினால் நீர் நில்லாதவாறு போல, ஊசி முனையில் தூசி சிக்கினால் பெட்ரோல் நில்லாது. டேப்பை மூடி, வடிதிருகைத் தளர்த்திக் கிண்ணத்துப் பெட்ரோலை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டுத் திருகை முடுக்கி, மீண்டும் டேப்பைத் திறந்து பார்க்க. பின்னும் ஒழுகினால் ஊசி தேய்ந்திருக்கலாம். அல்லது மிதவை ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கலாம். இவற்றை மெக்கானிக்கிடம் காட்டுதல் நலம்.

இஞ்சின் எண்ணெயின் மட்டம் ஏறிப் பெட்ரோல் வாடை வீசுமாயின், வழிந்தது உள்ளே இறங்கியது என்று அறிக. ஒழுக்கை நிறுத்தி, எண்ணெயை மாற்றிய பின்னரே வண்டியை ஓட்டலாம்.

பெட்ரோலை நுண்ணிய வலையுள்ள புனல் வழியே ஊற்றுதலும், இரவில் டேப்பை மூடுதலும், நெடுநாள் நிறுத்துமுன் கிண்ணத்தை வடித்தலும் செலவில்லாத காப்புகளாம். ஒழுகும் வண்டிகளைக் களத்துமேட்டின் அருகே நிறுத்தாதிருக்கக் கிராம உத்தியோகஸ்தர்கள் அறுவடைக்கு முன்பே யாவர்க்கும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.