கொளுக்கியும் துணைக்கையும்: 'கிழவனும் கடலும்' பற்றி ஒரு குறிப்பு

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' (1952) நாவலை ஆன்மிக உருவகமாக விளக்குவோர், சந்தியாகோவின் படகிலுள்ள கருவிகளைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. அவற்றுள் ஒன்று கொளுக்கி. தூண்டிலிற் சிக்கிய பெருமீனைப் படகோரத்திற் குத்திப் பிடித்து உள்ளே ஏற்ற உதவும் இது, அமைப்பில் எமது வளவுக் கொக்கத்தடிக்கு உறவு. ஆனால் மாங்காய் திமிறுவதில்லை.

பெருமீனுக்குக் கொளுக்கி தெரிவு செய்வோர் முதலில் உருக்கின் தடிப்பையே நோக்குவர். அது மட்டும் போதாது. மெல்லிய உருக்காயின் மீனின் பாரத்தில் வளைவு நிமிர்ந்துவிடும். தடித்து முனை மழுங்கியதாயின் தசையினுள் இறங்காது. முனைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட வாயும் மீனின் பருமனுக்கேற்ப அகன்றிருத்தல் வேண்டும். பிடியையோ பலர் மறந்துவிடுகின்றனர். குத்துண்ட மீன் உருளுகையில் முறுக்கம் முழுவதும் பிடியின்மீதே விழுகிறது. 1935இல் பிமினித் தீவை நோக்கிச் சென்ற ஹெமிங்வே, ஒரு கையாற் சுறாவைக் கொளுக்கியிற் பிடித்து மறு கையாற் கைத்துப்பாக்கியை ஏந்தியிருந்தபோது பிடி முறிந்தது. குண்டு தெறித்து அவருடைய கால்களிலேயே பாய்ந்தது.

இதனாலேயே மிகப் பெரிய மீன்களுக்கு, குத்தியதும் தலை கழன்று, படகிற் பிணைத்த கயிறு பாரத்தைத் தாங்கும் கொளுக்கி பயன்படுகிறது. 1939இல் நிறுவப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிகள் கொளுக்கியின் நீளத்தை 8 அடிக்கும் இக்கயிற்றை 30 அடிக்கும் மட்டுப்படுத்துகின்றன. எறியீட்டியை அவை ஏற்பதில்லை. கைக்கயிற்றால் இழுத்து எறியீட்டியாற் கொன்ற சந்தியாகோவின் 18 அடி மீன் அவ்வேட்டில் இடம்பெறாது. தூண்டிலின் நுனிக்கயிற்றைப் பிடிக்க ஒருவர், கொளுக்கியை வீச ஒருவர், படகைச் செலுத்த ஒருவர் எனக் கூலிக்குக் கைகளை அமர்த்தக்கூடிய வர்க்கத்தின் விதிகள் அவை.

கொளுக்கி எத்துணை வலியதாயினும் பெருமீனை ஏற்ற இன்னொரு கை வேண்டும். சந்தியாகோ முன்னொருகாற் கொளுக்கியாற் பிடித்த பெண் மார்லினைப் படகில் ஏற்றியது சிறுவன் மனோலினின் துணையோடுதான். இப்பொழுது அச்சிறுவன் அருகில் இல்லை. 40 நாட்கள் மீன் அகப்படாமையால் அவனைப் பெற்றோர் வேறு படகுக்கு அனுப்பிவிட்டனர். சிறுவன் இல்லையே எனக் கிழவன் நடுக்கடலில் மீண்டும் மீண்டும் ஏங்குவதைத் தனிமையின் புலம்பலாக மட்டும் வாசிப்பவர்கள், அந்த ஏக்கம் பெரும்பாலும் வேலைக்கு ஆள் தேவைப்படும் தருணங்களிலேயே எழுவதைக் கவனிக்கத் தவறுகின்றனர்.