பிள்ளைப் பேயின் தாய்

இரவில் செம்பனை நிரைக்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தால் பிறை வட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகள் போர்வைக்குள் புகுந்துகொள்வார்கள். "பொந்தியானாக்" என்று பெரியவர்களும் மெல்லச் சொல்வதுண்டு. அலறுவது பெரும்பாலும் கூகை. எலி பிடிப்பதற்காகத் தோட்டங்களிலேயே பெட்டி கட்டி அதற்கு இடம் கொடுக்கிறார்கள். ஆனால் ஆந்தைக்கும் பொந்தியானாக்குக்கும் உள்ள உறவு பழையது.

பொந்தியானாக் என்றதும் நீண்ட கூந்தல் விரித்த பெண் நம் நினைவுக்கு வருகிறாள். அது திரைப்படங்கள் பழக்கிய உருவம். 1900-இல் மலாய் மக்களின் மந்திர நம்பிக்கைகளைத் திரட்டி நூலாக்கிய வால்டர் ஸ்கீட் வேறு விதமாக எழுதுகிறார். பிரசவத்தில் மாண்ட தாய் 'லங்சுயிர்' ஆகிறாள். இறந்து பிறந்த சிசுவே பொந்தியானாக். தாயைப் போலவே அதுவும் இரவில் ஆந்தையாகத் திரியும். ஆகவே தாயின் உடலுக்குச் செய்யும் காப்பைப் பிள்ளைக்கும் செய்தார்கள். அலறாதபடி வாயில் கண்ணாடி மணிகள். சிறகடிக்காதபடி அக்குள்களில் கோழிமுட்டை. கை விரித்துப் பறக்காதபடி உள்ளங்கைகளில் ஊசி!

பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் இந்தக் கதை உண்டு. பிரசவத்தில் இறந்தவளும் சிசுவும் துன்புறுவார்கள், இரவில் அவள் புலம்பல் கேட்கும் என்று தகாலோக் மக்கள் நம்பியதை, 'பாத்தியானாக்' என்ற பெயரோடு 1589-இல் ஸ்பானியப் பாதிரியார் பிளாசென்சியா குறித்து வைத்தார். பெயரின் ஒற்றுமையைக் கவனியுங்கள். கிறிஸ்துவம் பரவியபின், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசு 'தியானாக்' ஆகிவிடும் என்றார்கள். அது காட்டில் கைக்குழந்தை போல அழும். இரங்கித் தூக்கினால் கடிக்கும். வழி தவறச் செய்யும். சட்டையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் வழி தெரியுமாம்!

தமிழ்நாட்டில் நம் முன்னோர், வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால் அவள் பாரமும் இறங்கும் என்பது நம்பிக்கை. ஊசி குத்துவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

இத்தனை நாட்டிலும் ஒரே அச்சம் ஏன்? பிரசவத்தில் தாயும் சேயும் சேர்ந்து சாவது அன்று அடிக்கடி நடந்தது. உதிரப்போக்கு, பிரசவ ஜுரம், வலிப்பு ஆகியவை தாயைக் கொண்டுபோயின. சிசுவுக்கு இன்னொரு எமன் இருந்தது. அழுக்குக் கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தால், புண்ணின் வழியே டெட்டனஸ் எனும் ரண ஜன்னிக் கிருமி நுழையும். சில நாள்களில் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தும்; தாடை இறுகும்; உடல் வில்லாக வளையும். பார்த்தவர்கள் பேய் பிடித்தது என்று சொன்னதில் வியப்பில்லை.

கர்ப்பிணிக்கு அந்த நோய்க்கான தடுப்பூசி போட்டால், அவள் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கும் சேர்கிறது. பிறந்த முதல் வாரங்களில் அதுதான் குழந்தைக்குக் காவல். சுத்தமான கருவியால் கொடியை அறுப்பதும், அதன்மேல் சாம்பலோ மஞ்சளோ அப்பாமல் இருப்பதும் கூடவே வேண்டும். மறு பிள்ளைக்குக் கிளினிக் போகும்போது பழைய அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். முன்பு எத்தனை ஊசி போட்டார்கள் என்று தாதி முதலில் அதைத்தான் கேட்பார்.