மரக்கோப்பைத் தண்ணீரும் கிளினிக் குளிசையும்

கிராமங்களில் சலரோகமுள்ள சகோதரிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "மிஸ், கொத்தல ஹிம்புட்டுக் கோப்பையில தண்ணி குடிச்சால் குளிசையை விடலாமோ?" கிளினிக்குக்குப் போக பஸ் காசுக்கே யோசிக்கும் பெண்களின் கேள்வி இது. சிரித்துத் தள்ளிவிட முடியாது.

கொத்தல ஹிம்புட்டு, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காடுகளில் படரும் கொடி. அதன் தண்டைக் குடைந்து கோப்பை செய்து, இரவு ஊற்றிவைத்த தண்ணீரைக் காலையில் குடிப்பது பழைய வழக்கம்.

யப்பானின் கியோத்தோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில் மசாயுகி யோஷிகாவா குழுவினர் இக்கொடியின் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சோதித்தனர். வேலை செய்த பகுதியை மேலும் பிரித்துக் கிடைத்த பொருளுக்கு 'சலாசினோல்' என்று பெயரிட்டு 1997இல் வெளியிட்டனர். 1998இல் 'கொத்தலனோல்' வந்தது.

இவை என்ன செய்கின்றன? சோறு, பாண், சீனி எல்லாம் சிறுகுடலில் குளுக்கோசாக உடைந்தபின்பே இரத்தத்தில் சேரும். உடைக்கும் கத்தரிக்கோல் அல்பா குளுக்கோசிடேசு என்னும் நொதியம். சலாசினோல் அக்கத்தரியின் வாயில் சிக்கிக்கொள்கிறது. எனவே சாப்பிட்டபின் சீனி திடீரென ஏறுவது குறைகிறது. அக்கார்போசு என்ற குளிசை வேலை செய்வதும் இப்படித்தான்.

2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், 51 நோயாளருக்கு மூன்று மாதம் இம்மூலிகைத் தேநீரும், மூன்று மாதம் வெறும் தேநீரும் கொடுத்து ஒப்பிட்டனர். மூலிகை குடித்த காலத்தில் சராசரிச் சீனி அளவு சற்றுக் குறைந்திருந்தது. 'சற்று' என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே பாட்டிமார் சொன்னது பொய்யல்ல. ஆனால் ஆய்வில் அளந்து கொடுத்தார்கள். கோப்பையில் எவ்வளவு கரைந்தது என்று நமக்குத் தெரியாது. இன்சுலின் போதாத உடம்புக்கு இது இன்சுலினைக் கொடுக்காது. குளிசையை, ஊசியை நீங்களாக நிறுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் காலும்தான் பழுதாகும்.

கர்ப்பிணிகள் இதைத் தொடவேண்டாம். கர்ப்பமுற்ற எலிகளுக்கு வேர்ச்சாறு கொடுத்தபோது கரு பாதிக்கப்பட்டதாக 2003இல் இலங்கை ஆய்வாளர்கள் எழுதினர்.

மற்றவர்கள் குடிப்பதானால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குளிசையோடு சேர்ந்து சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று வந்தால் குளுக்கோசு மாவைக் கரைத்துக் குடியுங்கள். நொதியம் தடைப்பட்டிருந்தால் சாதாரண சீனி உடையத் தாமதமாகும். ஒரு பக்கற் குளுக்கோசு வீட்டில் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறதென்று பிள்ளைகளுக்கும் காட்டிவையுங்கள்.